வகுப்புக் காலண்டரைப் பெற்றோர் போனில் பாருங்கள்

ஆன்லைனில் பாட்டு, வீணை, தமிழ், கணக்கு என்று சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வகுப்பு அட்டவணை போட்டுக்கொடுப்பது என் வேலை. ஆசிரியர் மதுரையில் இருப்பார். பிள்ளைகளில் சிலர் உள்ளூர், சிலர் நியூஜெர்சி, ஒருவர் லண்டன், ஒருவர் சிட்னி. “ஒரு கூகுள் காலண்டர் போட்டுக் குடுத்துருங்க, அப்புறம் யாரும் போன் பண்ண மாட்டாங்க” என்பார்கள். போடுவது சின்ன வேலைதான். போட்ட பிறகும் போன் வந்துகொண்டே இருக்கும். ஆசிரியரின் லேப்டாப்பில் வண்ண வண்ணமாக நிற்கும் காலண்டர் பெற்றோரின் போனில் பல சமயம் வேறு மாதிரி தெரிகிறது. சில சமயம் தெரிவதே இல்லை.

வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. “நாளைக்கு கிளாஸ் 6.30க்குப் பதில் 7 மணி” என்று ஆசிரியர் ராத்திரி பத்து மணிக்குப் போடுகிறார். உள்ளூர்க்காரர் காலையில் எழுந்து படிக்கும்போது அந்த ‘நாளை’ இன்றாகிவிட்டிருக்கும். நியூஜெர்சியில் அந்தச் செய்தி மத்தியானம் போய்ச் சேர்கிறது. அங்கே வகுப்பு அன்றைக்கு ராத்திரியே. அவர்கள் ஒரு நாள் தள்ளிப் புரிந்துகொள்வார்கள். நடுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, வரிசையாகக் கைகூப்பல்கள். குரூப்பை மூடச் சொல்லவில்லை. முதலில் காலண்டரில் மாற்றுங்கள், பிறகு “காலண்டரில் மாற்றியிருக்கிறேன்” என்று குரூப்பில் ஒரு வரி போடுங்கள். முதலில் குரூப், ஒழிந்தபோது காலண்டர் என்று நடந்தால் காலண்டரை யாரும் நம்ப மாட்டார்கள்.

புதிய காலண்டரைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவது வசதி. ஆசிரியர் தன் சொந்தக் காலண்டரை அப்படியே பகிர்ந்துவிடக் கூடாது. பல் டாக்டரிடம் போகும் நாளும் கடன் தவணை கட்டும் நாளும் பெற்றோருக்கு எதற்கு? தனியாக ஒன்று உருவாக்கி, நேர மண்டலம் கொல்கத்தா (இந்திய நேரத்துக்குக் கூகுளில் அதுதான் பெயர்) என்று இருக்கிறதா பாருங்கள். நிறமெல்லாம் உங்கள் விருப்பம். நிகழ்ச்சியின் பெயரில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. போனில் மாதம் முழுவதையும் காட்டும் கட்டங்களில் முதல் சில எழுத்துகளே தெரியும். “ஆன்லைன் வகுப்பு - வீணை - தொடக்க நிலை” என்று எழுதினால் எல்லாக் கட்டத்திலும் “ஆன்லை” என்று நிற்கும். “வீணை 1” போதும்.

பகிரும்போது நான்கு வகை அனுமதி உண்டு: நேரம் காலியா இல்லையா என்று மட்டும் பார்க்க, விவரங்களையும் பார்க்க, நிகழ்ச்சிகளை மாற்ற, மாற்றுவதோடு மற்றவர்களுக்கும் பகிர. பெற்றோருக்கு இரண்டாவது. “ஏதாவது மாத்தணும்னா அவங்களே மாத்திக்கட்டும்” என்று மூன்றாவதைக் கொடுக்கும் தாராள மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் போன் பாதி நேரம் ஏழு வயதுப் பிள்ளையின் கையில் இருக்கிறது. விரலால் பிடித்து இழுத்தால் வகுப்பு எல்லோருக்கும் நகர்ந்துவிடும்.

பள்ளி கொடுத்த மின்னஞ்சல் கணக்கிலிருந்து பகிர்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பள்ளிக்கு வெளியே போகும் பகிர்வைக் கணக்கு நிர்வாகி பல இடங்களில் கட்டுப்படுத்தி வைத்திருப்பார். ஆசிரியர் திரையில் “கணக்கு 8”, “அறிவியல் 8”, “தேர்வு” என்று இருக்கும். அம்மாவின் ஜிமெயிலில் அதே காலண்டர் கட்டத்துக்குக் கட்டம் “பிஸி”, “பிஸி”, “பிஸி”. எந்தப் பாடம், எந்த லிங்க் எதுவும் இல்லை. ஆசிரியர் எத்தனை முறை சரிபார்த்தாலும் இது தெரியவராது, ஏனென்றால் பார்ப்பது அவருடைய திரையை. நிர்வாகியிடம் சொல்லித்தான் திறக்க வேண்டும்.

எனக்கு அதிகம் வரும் புகார் மணி பற்றியது. “மணி அடிக்கவே இல்லையே மேடம்!” ஆசிரியர் பத்து நிமிடம் முன்னால் அடிக்கும்படி நினைவூட்டல் வைத்திருப்பார். அது அவருக்கு மட்டும் அடிக்கும். பகிர்ந்த காலண்டரில் நினைவூட்டல் என்பது ஒவ்வொருவரும் தன் போனில் தனக்கென வைத்துக்கொள்வது. ஆசிரியர் வைத்தது அடுத்தவருக்குப் போகாது. பாதிப் பெற்றோர் ‘காலண்டரில் சேர்ந்துவிட்டோம், இனி அதுவே கூப்பிடும்’ என்று இருந்துவிடுகிறார்கள்.

அதனால் ஒரு பிள்ளை வகுப்பில் சேரும் அன்றே அம்மாவையோ அப்பாவையோ வீடியோ காலில் கூப்பிட்டு, ஜிமெயிலுக்கு வந்த அழைப்பில் ‘சேர்’ என்பதைத் தொட வைக்கிறேன். போனில் அது பல சமயம் ஆப்பைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கும். அப்போது பிரவுசரில் திறக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஆப்பின் மூன்று கோட்டைத் தொட்டு, புதுக் காலண்டரின் பெயருக்கு முன்னால் டிக் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் அந்தக் காலண்டருக்கு ‘சிங்க்’ அணைந்திருந்தால் டிக் இருந்தும் பயனில்லை. அதே செட்டிங்ஸில் நினைவூட்டல் இரண்டு வைக்கச் சொல்வேன், ஒன்று ஒரு மணி நேரம் முன்பு, ஒன்று பத்து நிமிடம் முன்பு. வீணைக்கு இது அவசியம். பத்து நிமிடத்தில் உறையைக் கழற்றி, சுருதி சேர்த்து, பிள்ளையையும் உட்கார வைக்க முடியாது.

ஐபோன்காரர்கள் ஆப்பிளின் சொந்தக் காலண்டரில் பார்த்தால், கூகுளில் பகிர்ந்த காலண்டர்கள் தானாக வந்து சேராது. அதற்கென்றே கூகுளில் தேர்வுப் பக்கம் ஒன்று இருக்கிறது, அங்கே போய் டிக் போட வேண்டும். ஐபோனிலும் கூகுள் காலண்டர் ஆப்பைப் போட்டுக்கொள்வதுதான் நிம்மதி. போனையே அதிகம் பார்க்காத தாத்தா பாட்டி பொறுப்பில் பிள்ளை இருந்தால், அன்றைய நிகழ்ச்சிகள் தினமும் காலை ஐந்து மணிக்கு மின்னஞ்சலில் வரும்படி கம்ப்யூட்டரில் அமைக்கலாம். அதை யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள்.

இனி கடிகாரம். இந்தியாவில் கடிகாரத்தை யாரும் முன்னே பின்னே திருப்புவதில்லை என்பதால் நம் ஆசிரியர்களுக்கு இது உறைப்பதே இல்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். சிட்னியில் தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே. அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன்காரர்கள் திருப்புவதே இல்லை. சிங்கப்பூர், மலேசியா, துபாய், இலங்கைப் பெற்றோரால் இந்தத் தொல்லை கிடையாது.

சனிக்கிழமை காலை 6.30 மணி வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் கோடையில் அது வெள்ளிக்கிழமை இரவு 9 மணி, குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு 8 மணி. கிழமையே வேறு, மணியும் நிலையாக இல்லை. பாட்டுக்கும் வீணைக்கும் விஜயதசமியன்று நிறையப் பிள்ளைகள் சேருவார்கள். 9 மணிக்குப் பழகிய சில வாரங்களிலேயே நவம்பர் முதல் ஞாயிறு வந்துவிடும். நிகழ்ச்சியைக் கொல்கத்தா நேரத்தில் பதிந்திருந்தால் அவர்கள் காலண்டரில் அது தானாக 8 மணிக்கு நகரும். காலண்டர் சரியாகத்தான் சொல்லும். குடும்பம் பழக்கத்தில் 9 மணிக்கு வந்து உட்காரும்.

நிகழ்ச்சியைத் திருத்தும் பக்கத்தில் நேரத்துக்கு அருகிலேயே நேர மண்டலம் என்று இருக்கும். அதில் நியூயார்க் (நியூஜெர்சிக்கும் அதே நேரம்தான்) என்று வைத்தால் அங்கே 9 மணி என்பது வருஷம் முழுக்க 9 மணிதான்; மதுரையில் ஆசிரியருக்கு நவம்பரிலிருந்து 7.30 ஆகும். யார் நகர்வது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாடு என்றால் அவர்கள் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அங்கே பள்ளி, நீச்சல், தூங்கும் நேரம் எல்லாம் அந்தக் கடிகாரத்தில்தான் ஓடுகிறது. காலை 8.30க்குப் பள்ளி வேலைக்குக் கிளம்பும் ஆசிரியைக்கு இது ஒத்துவராது. அவர் கொல்கத்தா நேரத்திலேயே நிற்கட்டும், ஒரு வாரம் முன்பே குரூப்பில் சொல்லிவிட்டு. லண்டனும் நியூஜெர்சியும் ஒரே வகுப்பில் இருந்தால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் யாராவது ஒருவருக்கு இடிக்கும். அதற்கு எந்த அமைப்பாலும் வழியில்லை.

முழு நாள் நிகழ்ச்சிக்கு நேர மண்டலமே கிடையாது. ஜனவரி 15 பொங்கல் விடுமுறை என்று போட்டால் உலகம் முழுக்க 15ஆம் தேதி கட்டத்தில் நிற்கும். அன்று காலை 6.30 வகுப்பு நியூஜெர்சிக்காரருக்கு 14ஆம் தேதி கட்டத்தில் இருக்கிறது. விடுமுறையை 15இல் பார்த்த அம்மா, 14ஆம் தேதி ராத்திரி பிள்ளையைத் திரை முன் உட்கார வைத்துக் காத்திருப்பார். முழு நாள் பதிவு கட்டணத் தேதிக்கும் தேர்வுக்கும் சரி. விடுமுறைக்கு அந்த வகுப்பையே தொட்டு மாற்ற வேண்டும்.

மாற்றுவது என்றால் அழிப்பது இல்லை. வகுப்பு இல்லாத நாளில் நிகழ்ச்சியை நீக்கிவிட்டால் பெற்றோருக்கு வெறும் கட்டம்தான் தெரியும். ரத்தா, மறந்துபோய்விட்டதா, போன் சரியாகக் காட்டவில்லையா? பெயரை “ரத்து: வீணை 1” என்று மாற்றி அங்கேயே விட்டுவைப்பது மேல். வாரா வாரம் வரும் நிகழ்ச்சியில் கைவைத்தால் கூகுள் ஒரு கேள்வி கேட்கும்: இது மட்டுமா, இதுவும் பின்வருபவையுமா, எல்லாமுமா? அவசரத்தில் ‘எல்லாமும்’ தொட்டு வருஷ அட்டவணையைத் துடைத்தவர்கள் கூப்பிட்டால் நான் முதலில் சொல்வது, குப்பைத்தொட்டியில் ஏறக்குறைய 30 நாள் இருக்கும், கம்ப்யூட்டரைத் திறங்கள் என்பதுதான். மழைக்காலத்தில் கலெக்டர் விடியற்காலையில் விடுமுறை அறிவித்தவுடன் “ஸ்கூல் லீவுதானே சார், சாயங்கால கிளாஸை இப்பவே வச்சுக்கலாமா?” என்று பத்துப் பேர் கேட்பார்கள். வேண்டாம். அந்த நேரத்துக்கு மாற்றினால் கண்டிப்பாக இருவர் பழைய நேரத்துக்கு வருவார்கள்.

ஜூம், மீட் லிங்கை எங்கே வைப்பது என்பது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. காலண்டரை ‘எல்லோருக்கும் தெரியும்படி’ திறந்துவிட்டு அதிலேயே வகுப்பு லிங்கையும் போட்டால், தெருவில் போகிறவரும் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் வரலாம். 2020 ஊரடங்கில் உலகம் முழுக்க அப்படித்தான் அன்னியர்கள் வகுப்புகளில் புகுந்தார்கள். அதன் பிறகே ஜூம் கடவுச்சொல்லையும், ஆசிரியர் உள்ளே விடும்வரை வருபவரை வெளியே நிறுத்தும் காத்திருப்பு அறையையும் தானாக இயங்கும்படி வைத்தது. மின்னஞ்சல் வாரியாகப் பகிருங்கள், காத்திருப்பு அறையை அணைக்காதீர்கள்.

தனி வகுப்புகளைப் பொதுக் காலண்டரில் பிள்ளை பெயரோடு எழுதக் கூடாது. அந்தக் குடும்பத்தை மட்டும் விருந்தினராகச் சேர்த்துத் தனி நிகழ்ச்சியாக, ஆசிரியரின் இன்னொரு காலண்டரில் போடுங்கள். பல குடும்பங்களை ஒரே நிகழ்ச்சிக்கு அழைத்தால் ‘விருந்தினர் பட்டியலைப் பார்க்கலாம்’, ‘பிறரை அழைக்கலாம்’ என்ற இரண்டும் இயல்பாகவே டிக்கோடு இருக்கும். எடுக்காவிட்டால் எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியும் எல்லோருக்கும் போய்விடும். 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் சொந்தமாக ஜிமெயில் தொடங்க முடியாது, பெற்றோர்தான் தொடங்கித் தர வேண்டும். ஆகவே அழைப்பு அம்மா, அப்பா இருவர் முகவரிக்கும் போகட்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வைத்து, அவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தில் அதற்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி மின்னஞ்சல் வாரியாகப் பகிர்ந்ததன் பயன், பிள்ளை வகுப்பிலிருந்து நின்றதும் தெரியும். பட்டியலில் அந்த முகவரியை நீக்கினால் போதும். பொது லிங்க் கொடுத்தவர்கள், யாரெல்லாம் சேர்ந்தார்கள் என்று பார்க்கவும் முடியாது, ஒருவரை மட்டும் எடுக்கவும் முடியாது. அவர்கள் வரும் ஜூனில் புதுக் காலண்டர் உருவாக்கி, ஜூம் லிங்கையும் புதிதாக எடுத்துக்கொண்டு, பழையதில் “இந்தக் காலண்டர் முடிந்தது” என்று ஒரே ஒரு நிகழ்ச்சியை விட்டுவிட்டு மற்றதை அழித்துவிடலாம்.