சாஸ்பேனுக்குள் பாடிய ரேடியோ

"வால்வு சூடானால்தான் ரேடியோ பாடும். கரண்டே இல்லாத ஊரில் அதை எப்படிச் சூடாக்கினார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பேட்டரியில்தான். ஆனால் அவர் சந்தேகம் நியாயமானது.

வால்வு என்பது பழைய ரேடியோக்களில் மெல்லிய சிக்னலைப் பெருக்கிய, காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். அதன் வேலை பள்ளியில் படித்ததுதான். சூடான முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பித் தகட்டுக்குப் பாயும். நடுவில் இருக்கும் கம்பி வலையில் மின்னழுத்தம் துளி மாறினாலும் அந்தப் பாய்ச்சல் கூடும், குறையும். சரி, சிக்கல் சூட்டில்தான். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாதாரண வால்வு, சூடாவதற்கு மட்டுமே 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர், அதாவது 2 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்னும். பேட்டரி வால்வுக்கு 1.4 வோல்ட், 0.05 ஆம்பியர்; வெறும் 0.07 வாட். முதலாவது தின்பதில் இருபத்தேழு பேட்டரி வால்வுகள் பிழைத்துவிடும்!

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது? வீட்டு மின்சாரம் திசை மாறிக்கொண்டே இருப்பது. சூடேறும் இழையிலிருந்தே எலக்ட்ரானை எடுத்தால் பாட்டோடு 'ம்ம்ம்' என்ற உறுமலும் கேட்கும். அதனால் இழையை ஒரு நிக்கல் குழாய்க்குள் ஒளித்து, குழாயைச் சூடாக்கி, அதன் மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரானை எடுத்தார்கள். குழாய் முழுதும் சூடேற வேண்டும். அந்த ரேடியோக்கள் வாய் திறக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டது அதனால்தான். பேட்டரியின் மின்சாரம் ஒரே திசையில் போவது. குழாயே தேவையில்லை. முடியைப் போன்ற இழையே எலக்ட்ரானைத் தரும். சுவிட்சைத் திருப்பியதும் சத்தம் வந்துவிடும்.

அந்த இழையின்மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகள் பூசியிருப்பார்கள். வெறும் டங்ஸ்டன் என்றால் 2000 டிகிரிக்கு மேல் காய்ச்ச வேண்டும். இந்தப் பூச்சு எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துவைப்பதில்லை. மங்கிய சிவப்பே போதும். கட்டைவிரல் அளவு பழைய வால்வு ஒன்றை டார்ச் செல்லில் இணைத்துப் பார்த்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கை அணைத்து, கையால் பொத்திப் பார்த்தபோதுதான் உள்ளே ஒரு சிவப்பு நூல். ஊதுபத்தி நுனிகூட அதைவிடப் பிரகாசம்.

தகட்டுக்கு மட்டும் 90 வோல்ட் வேண்டும். 1.5 வோல்ட் செல்கள் அறுபதை வரிசையாகச் சேர்த்தால் கிடைத்துவிடும். இழுக்கும் மின்னோட்டமோ மில்லிஆம்பியர் கணக்கு.

இதை நம்பித்தான் ஹாரி ஃபிராங்க்ளின் என்ற அதிகாரி, அன்றைய வடக்கு ரொடீசியாவில் (இன்றைய ஜாம்பியா) சாதாரண வீடுகளுக்கு ஒரு மலிவு ரேடியோ வேண்டும் என்று பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் மூன்று வருடம் நடையாய் நடந்தார். அங்கே லுசாகா நகர வானொலி நிலையம் ஆப்பிரிக்க மொழிகளில் ஒலிபரப்பியது. கேட்கத்தான் பெட்டி இல்லை. கடைசியில் ஒரு பேட்டரி கம்பெனி இசைந்தது. ரேடியோ விற்றால் பேட்டரி விற்குமே! ஆராய்ச்சிக்குப் பணம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி வேறு கணக்கில்தான் போடுகிறார்கள் என்பது என் கட்சி; அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

முதல் மாதிரிகளில் ஒன்றை, சாஸ்பேனுக்காகச் செய்த 9 அங்குல அலுமினியச் சட்டியில் பொருத்தினார்கள். 1949இல் 'சாஸ்பேன் ஸ்பெஷல்' பிறந்தது: நான்கு வால்வு, சிற்றலை. விலை 5 பவுண்டு. பேட்டரிக்குத் தனியாக 1 பவுண்டு 5 ஷில்லிங். முதல் மூன்று மாதத்தில் 1,500 விற்றன. ஒரு பேட்டரி 300 மணி நேரம் உழைத்தது. தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் ஐந்து மாதம்.