சேர், இந்தமுறை என்ன வரும்?

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் என் தொலைபேசிக்கு ஒரே கேள்விதான் வரும். வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தகப்பன், சில நேரம் பிள்ளையே நேராக: "சேர், பொருளியலுக்கு இந்தமுறை என்ன வரும்?" இவ்வளவு காலமும் பொறுமையாகத்தான் பதில் சொல்லிவந்தேன். போன கிழமை ஒரு மாணவன் கெஸ்ஸிங் பேப்பர் ஒன்றை, அதாவது இந்தமுறை வரும் என்று யாரோ ஊகித்த வினாக்களும் விடைகளும் கொண்ட தாளை, கொண்டுவந்து மேசையில் வைத்தான். காசு கொடுத்து வட்ஸ்அப்பில் வாங்கியதாம். கட்டுரை விடைகள் எல்லாம் அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசி, முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தான். கேட்டால் மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை. அதுதான் எனக்குக் கூடுதல் கோபம்.

அவனுக்கு ஒரு சின்னக் கணக்குக் கொடுத்தேன். ஒரு பொருளின் விலை 15 ரூபாயாக இருந்தால் கேள்வித் தொகை (வாங்குபவர்கள் வாங்க விரும்பும் அளவு) 70 அலகு, நிரம்பல் தொகை (விற்பவர்கள் விற்க விரும்பும் அளவு) 50 அலகு. விலை 20 என்றால் இரண்டும் 60. விலை 25 என்றால் கேள்வி 50, நிரம்பல் 70. அரசாங்கம் 25 ரூபாயை உச்ச விலையாக அறிவிக்கிறது. சந்தையில் என்ன நடக்கும்?

தம்பி பேனையை எடுத்தான், அரைப் பக்கம் எழுதினான். பற்றாக்குறை தோன்றும், கறுப்புச் சந்தை உருவாகும், வரிசைகள் நீளும், பங்கீட்டு முறை தேவைப்படும். எழுத்து அழகு, பந்தி பிரித்த விதம் அழகு, கீழே ஒரு வரைபடம்கூட இருந்தது. புள்ளி பூச்சியம். "25 ரூபாயில் கேள்வி எவ்வளவு, நிரம்பல் எவ்வளவு, பார்" என்றேன். பார்த்துவிட்டு, "ஓ, அப்படியென்றால் மிகை நிரம்பல் 20 அலகு சேர்" என்று மாற்றினான். அதுவும் பிழை. 25க்கு மேல் விற்கக்கூடாது என்பதுதான் சட்டம், 25க்கே விற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சந்தை தன் பாட்டில் 20 ரூபாயில் 60 அலகுடன் இருக்கும். கேள்வியும் நிரம்பலும் சமமாகும் சமநிலை விலைக்கு மேலே விதித்த உச்ச விலையால் ஒன்றும் நடக்காது. விடை ஒரே வரி.

உச்ச விலையை 15 ரூபாய் என்று கொடுத்திருந்தால் அவன் எழுதிய அரைப் பக்கமும் சரி, பற்றாக்குறை 20 அலகு. கெஸ்ஸிங் பேப்பர் எழுதியவர் அந்த ஒரு நிலைமையை மட்டும்தான் எழுதியிருக்கிறார். பிள்ளை "உச்ச விலை" என்ற சொல்லைக் கண்டான், பாடமாக்கியதைக் கொட்டினான். எண்களை அவன் வாசிக்கவே இல்லை. இதற்கும் பொருளியலுக்கும் என்ன சம்பந்தம்? 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு கிலோ 230 ரூபாய் என்று உச்ச சில்லறை விலை அறிவித்தபோது கொழும்புக் கடைகளில் நடந்ததை இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவர்கள். அரிசி எங்கே போனது என்று வீட்டில் அம்மாவுக்கு விளக்கத் தெரிகிறது. வினாத்தாளில் மட்டும் தெரியவில்லை.

என்ன வரும் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: பாடத்திட்டத்தில் உள்ளது வரும். வினாத்தாளின் அமைப்பு ஒன்றும் இரகசியம் இல்லை. முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம், அதற்கு முன் வாசிக்க 10 நிமிடம். ஐந்து வினாக்களுக்கு விடை எழுத வேண்டும், இரண்டு பகுதிகளிலும் குறைந்தது இரண்டிரண்டாவது எழுதியே ஆக வேண்டும். முதல் பகுதி நுண்பாகப் பொருளியல் (தனிச் சந்தை, நுகர்வோர், நிறுவனம் பற்றியது), அடுத்தது பேரினப் பொருளியல் (முழு நாட்டின் பொருளாதாரம் பற்றியது). "எனக்கு நுண்பாகம் நல்லா வரும் சேர், அதிலேயே நாலு செய்துவிடுவேன்" என்று சொல்லும் பிள்ளை ஒவ்வொரு வருடமும் ஒன்றாவது வந்துவிடும். முகப்பிலேயே அறிவுறுத்தல் அச்சடித்திருக்கிறது, அதையாவது வாசியுங்கள்.

இனி என்னை எரிச்சலின் உச்சிக்குக் கொண்டுபோகும் விஷயம். "பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள், கடையில் சாமான் விலை குறையவில்லையே. அப்போ கணக்குப் பொய்தானே?" பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இதைச் சொன்னால் சிரித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். உயர்தரத்தில் பொருளியல் எடுத்த பிள்ளை விடைத்தாளில் "பணவீக்கம் குறைந்ததால் பொருட்களின் விலைகள் குறைந்தன" என்று எழுதினால் என்ன செய்வது?

மெதுவாகச் சொல்கிறேன். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம். அதுதான் உச்சம். அடுத்த செப்டெம்பரில் அது 1.3 சதவீதம். 2024 செப்டெம்பரில் மறை 0.5, அதாவது பூச்சியத்துக்கும் கீழே. இப்போது ஒரு கூடைச் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டெம்பரில் அதன் விலை 100 ரூபாய். 2022இல் 169 ரூபாய் 80 சதம். 2023இல்? பிள்ளைகளில் பாதிப் பேர் 101.30 என்பார்கள், சிலர் 100க்கே திரும்பிவிடுவார்கள். இல்லை. 169.80இன் மேல் இன்னும் 1.3 சதவீதம் ஏறுகிறது, அதாவது 172 ரூபாய். பணவீக்கம் 69.8இலிருந்து 1.3க்கு இறங்கிய அதே வருடத்தில் உங்கள் கூடையின் விலை 2 ரூபாய் 20 சதம் கூடியிருக்கிறது. விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறும் வேகம்தான் குறைந்தது. 2024இல் வீதம் மறையானதும் உண்மையாகவே விலை இறங்கியது. எவ்வளவு? 172இலிருந்து 171 ரூபாய் சொச்சத்துக்கு. (2023இல் சுட்டெண்ணின் அடியாண்டு (ஒப்பிடுவதற்கு அடிப்படையாக எடுக்கும் ஆண்டு) 2013இலிருந்து 2021க்கு மாறியதால் நான் செய்திருப்பது தோராயக் கணக்கு. சங்கிலி போலக் கோர்க்கும்போது கொஞ்சம் முன்பின் இருக்கும். விளங்கிக்கொள்ள இது போதும்.)

ஆகவே கடையில் விலை குறையவில்லை என்று அம்மா சொல்வதும் உண்மை, பணவீக்கம் வீழ்ந்தது என்று வந்த புள்ளிவிபரமும் உண்மை. இரண்டும் ஒன்றோடொன்று முட்டவே இல்லை. விலை மட்டம் வேறு, அது மாறும் வீதம் வேறு. பழைய 100 ரூபாய்க்கு அந்தக் கூடை திரும்ப வேண்டுமென்றால் விலைகள் 42 சதவீதமளவு வீழ வேண்டும். 69.8 ஏறியதை இறக்க 69.8 வேண்டும் என்று நினைப்பது இன்னொரு தவறு, அதையும் பல்தேர்வில் பொறியாக வைப்பார்கள். அவ்வளவு விலைவீழ்ச்சி வந்தால் நாடு என்ன ஆகும் என்பதை நான் இங்கே விளக்கப்போவதில்லை, பணச்சுருக்கம் பாடத்தில் படித்திருப்பீர்கள். மத்திய வங்கியின் இலக்கே 5 சதவீதப் பணவீக்கம்தான். அதாவது எல்லாம் ஒழுங்காக நடக்கும் வருடத்திலும் விலை ஏறும். இதைக் கேட்டதும் "அநியாயம் சேர்" என்று ஒரு தங்கச்சி சொன்னாள். கோபப்படட்டும், ஆனால் விளங்கிக் கோபப்படுகிறாள்.

இன்னொன்று, அந்தச் சுட்டெண்ணைத் தயாரிப்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், மத்திய வங்கி அல்ல. நாடு முழுவதற்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டையும் குழப்பி எழுதி வீணாகப் புள்ளி இழக்காதீர்கள்.

அடுத்த தலையிடி, அக்காவின் கொப்பி. பாசத்துடன் பாதுகாத்துத் தம்பிக்குக் கொடுத்த கொப்பி, நல்ல கொப்பிதான். நுண்பாகப் பகுதிக்கு இன்றைக்கும் உதவும், கேள்வி விதி மாறவில்லை. பேரினப் பகுதியில்தான் கால் வழுக்கும். மத்திய வங்கிக்கு 2023இல் புதிய சட்டம் வந்துவிட்டது, அந்த வருடத்தின் 16ஆம் இலக்கச் சட்டம். உள்நாட்டு விலை உறுதிப்பாடு என்பதை முதன்மைக் குறிக்கோளாக அது வைத்திருக்கிறது. அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் திறைசேரி உண்டியல்களை முதலாந்தரச் சந்தையில், அதாவது அவை முதன்முதலாக விற்கப்படும் இடத்தில், மத்திய வங்கி வாங்குவதை அது தடுக்கிறது. அக்காவின் கொப்பியிலோ வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறையை நிரப்பும் வழிகளில் அப்படி வாங்குவதும் தாராளமாக இருக்கும். வங்கிகள் மத்திய வங்கியில் பணம் வைப்பதற்கான துணைநில் வைப்பு வசதி வீதம், அதனிடம் கடன் வாங்குவதற்கான துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் என்ற இரண்டையும் கொள்கை வீதங்களாகப் பாடமாக்கிய காலம் போய், 2024 நவம்பர் இறுதியிலிருந்து ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒன்றே பிரதானம். தொடக்கத்தில் 8 சதவீதம், 2025 மே மாதம் 7.75. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். மத்திய வங்கி தன் வெளியீடுகளைத் தமிழிலும் தருகிறது, இணையத்தில் இலவசம். கெஸ்ஸிங் பேப்பருக்குக் கொடுத்த காசில் தேவையான பக்கங்களைப் போட்டோகொப்பி எடுத்திருக்கலாம்.

தேசிய வருமானக் கணக்கில் ஒரு சின்ன எச்சரிக்கை. வெளிநாட்டில் வேலை செய்யும் நம் ஆட்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் 2024இல் சுமார் 6.6 பில்லியன் டொலர். பெரிய தொகை என்பதால் பிள்ளைகள் அதை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கூட்டிவிடுகிறார்கள். அது இங்கே உற்பத்தி செய்ததற்கான வருமானம் அல்ல. வெளிநாடுகளுடனான கொடுக்கல் வாங்கல்களைப் பதியும் சென்மதி நிலுவையில் நடைமுறைக் கணக்கின் இரண்டாந்தர வருமானத்தில் அதற்கு இடம் இருக்கிறது, அங்கே வையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? கடந்தகால வினாத்தாள்களைச் செய்யுங்கள். செய்யுங்கள் என்றால் மணிக்கூட்டை முன்னால் வைத்து, கொப்பியை மூடி, ஒரே இருப்பில். ரியூசனில் தந்த குறிப்பான ரியூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரீ குடித்துக்கொண்டு, இடையிடையே போன் பார்த்துச் செய்வதைச் செய்ததாகக் கணக்கெடுக்க மாட்டேன். எழுதி முடித்த பிறகு புள்ளித்திட்டத்தை எடுங்கள், முன்னால் அல்ல. பல்தேர்வில் ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது. கணக்கு வினாவில் சிக்கினால் குறி போட்டுவிட்டு நகருங்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். இதைச் சொல்லியும் விடுகிறார்கள், என்ன பிள்ளைகளோ.

இரண்டாம் வினாத்தாளில் ஒரு வினாவுக்கு 36 நிமிடம். முதல் வினாவுக்கு ஒரு மணித்தியாலம் செலவழித்து ஐந்து பக்கம் எழுதிவிட்டு, கடைசி வினாவில் "நேரம் போதவில்லை" என்று திருத்துபவருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அதற்குப் புள்ளி கிடையாது. உப பகுதிக்கு எதிரே உள்ள புள்ளியைப் பாருங்கள். இரண்டு புள்ளிக்கு ஒரு பக்கம் வேண்டாம். குறிப்பிடச் சொன்னால் குறிப்பிடுங்கள், விளக்கச் சொன்னால் மட்டும் விளக்குங்கள். கணக்கில் படிமுறையைக் காட்டுங்கள், இறுதி விடை பிழைத்தாலும் இடையில் உள்ளதற்குப் புள்ளி தேறலாம். வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர் எழுதுங்கள். வளையி இடம் மாறினால் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள். பெயரில்லாத இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால் அது கேள்வி நிரம்பலா, காலி வீதிச் சந்தியா என்று திருத்துபவர் ஊகிக்க மாட்டார். நூற்றுக்கணக்கான விடைத்தாள்கள் அவர் மேசையில் காத்திருக்கின்றன.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஒரே பாடத்துக்குப் பிள்ளையை மூன்று ரியூசனுக்கு அனுப்பாதீர்கள். பம்பலப்பிட்டியில் ஒரு பேப்பர் கிளாஸ் முடித்து, இரவு எட்டு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் இன்னொன்றுக்கு ஓடும் பிள்ளை வீடு போய்ச் சேரும்போது எதைப் படிக்கும்? ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு விதமாக விடை சொல்லித்தர, எது சரி என்று தெரியாமல் எல்லாவற்றையும் பாடமாக்கும். கடைசிக் கிழமையில் புதிதாக எந்தக் கிளாஸும் வேண்டாம், நான் நடத்தும் கிளாஸும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளை தானே எழுதிப் பார்த்த வினாத்தாள்களைத் திரும்ப எடுத்து, விட்ட பிழைகளை மட்டும் பார்க்கட்டும். இரவில் தூங்கட்டும்.

அப்புறம், முதலாம் வினாத்தாள் முடிந்ததும் மண்டப வாசலில் கூடி நின்று "பதினேழுக்கு என்னடா போட்டாய்?" என்று கேட்கும் கூட்டத்திடமிருந்து விலகிப் போங்கள். விடைத்தாள் கையை விட்டுப் போய்விட்டது. அதைப் பேசிக் கலங்கியபடி இரண்டாம் வினாத்தாளுக்கு உட்கார்ந்தால் தெரிந்ததும் மறக்கும். வெளியே வாருங்கள், சாப்பிடுங்கள், அம்மா போனில் என்ன வந்தது என்று கேட்டால் இரண்டாவதும் முடியட்டும் என்று சொல்லுங்கள்.