மாலை கட்டிய வண்டியில் தொப்பூர் இறங்கும்போது

சாலை விபத்தில் இறந்தவரின் நினைவாக டூவீலரில் ஊர்வலம் போகும்போது, ஹேண்டில்பாரில் சுற்றிய சாமந்தி மாலையில் பூ பத்துக் கிலோமீட்டருக்குள் உதிர்ந்துவிடும். அதைக் கட்டிய நூல் உதிராது. காற்றில் அவிழ்ந்து ஆக்ஸிலரேட்டர் கேபிளோடு பின்னிக்கொள்ளும், இல்லையென்றால் கீழே தொங்கி முன்சக்கரத்தில் சுற்றும். இறந்தவர் படம் போட்ட ஃபிளெக்ஸை முன்னால் கட்டினால் ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் பாதி மறையும். அதனால் மாலை, படம் எல்லாம் ஒரு காரிலோ, பின்னால் உட்காருபவர் பையிலோ போகட்டும். வண்டிக்குக் கண்ணாடித் தண்டில் முடிச்சுப் போட்ட ஒரு சாண் கறுப்பு ரிப்பன் போதும். கொடிக்கம்பு வேண்டவே வேண்டாம்.

வழியில் பூ தூவுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சாலை விபத்தில் இறந்தவர்களுக்கான உலக நினைவு நாள் நவம்பர் மூன்றாம் ஞாயிறு, 2005இல் ஐ.நா. ஏற்றுக்கொண்டது. அந்த நாளில் ஊர்வலம் வைத்தால் நமக்கு வடகிழக்கு மழைக்காலம். ஈரத் தாரில் நசுங்கிய இதழ் பின்னால் வருகிற டயருக்கு எண்ணெய் மாதிரிதான்.

நினைவு ஊர்வலம் சுற்றுலா ரைடு மாதிரி இல்லை. வண்டி ஓட்டுகிறவர்களின் மனசு அன்றைக்குச் சாலையில் இருக்காது. இறந்தவரின் தம்பியையோ நெருங்கிய நண்பனையோ மரியாதைக்காக முன்னால் விடுவார்கள். எங்கள் கருத்தில் அதுதான் முதல் தவறு. அவர் நிதானமான ஒருவரின் பின்சீட்டில் உட்காரட்டும். நான்தான் ஓட்டுவேன் என்று நின்றால், முதல் வண்டியில் வழிகாட்டிப் போகும் முன்னோடிக்கு அடுத்த இடம் கொடுங்கள். அனுபவம் குறைந்தவர்களும் ஸ்கூட்டர்களும் அவருக்குப் பின்னால். கடைசி வண்டி நல்ல கை உள்ளவரிடம் இருக்க வேண்டும். கழன்று நிற்பவர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

20 வண்டிகள் மணிக்கு 50 கிலோமீட்டரில், ஒன்றன்பின் ஒன்றாக 2 விநாடி இடைவெளியில் போனால் வரிசை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும். முன்னால் இருப்பவர் 50இல் போனாலும் கடைசி ஆள் எட்டிப்பிடிக்க 70, 80 என்று முறுக்குவார். இப்படி முறுக்கும்போது வரிசையின் வால் விழ வாய்ப்பு அதிகம். ஆகவே 6, 7 வண்டிகளாகப் பிரித்து, குழுவுக்குக் குழு 2 நிமிடம் விட்டுக் கிளம்புங்கள். நான்குவழிச்சாலையில் இடது தடத்துக்குள்ளேயே முன்னோடி வலது பக்கம், அடுத்தவர் இடது பக்கம் என்று மாறி மாறி. நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து 2 விநாடி, குறுக்காக இருப்பவரிடமிருந்து 1 விநாடி. பஸ் நடுவில் புகுந்தால் புகட்டும், வழிவிடுங்கள். ஆரன் அடித்துக்கொண்டு பக்கத்துப் பக்கமாகப் போவது ஊர்வலம் இல்லை, வம்பு.

மெதுவாகப் போவதுதான் மரியாதை என்று ஊர் தாண்டியும் 15, 20 வேகத்திலேயே உருட்டுபவர்கள் உண்டு. அரை கிளட்சில் அவ்வளவு தூரம் போனால் கிளட்ச் பிளேட் கருகும், காற்றால் குளிரும் எஞ்சின் கொதிக்கும். உருட்டுவதைக் கடைசி அரைக் கிலோமீட்டரில் வைத்துக்கொள்ளலாம்.

தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் வரும். இங்கே மாறி மாறிப் போகும் வரிசையைக் கலைத்து ஒற்றை வரிசை ஆகுங்கள், இடைவெளி 4 விநாடி. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், கிளட்சைப் பிடிக்காதீர்கள். ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிமானம் குறைவு. ஆகவே பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, லீவர் முழுக்க அழுந்தியும் வண்டி நிற்காது. அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள்.

விபத்து நடந்த இடம் கணவாய்க்குள்ளேயே இருந்தாலும் அங்கே நிற்கக் கூடாது. எதிர்ச்சாரியில் இருந்தால் மீடியனைத் தாண்டி ஓடவும் கூடாது. சாலையை விட்டு விலகி வண்டிகள் எல்லாம் நிற்க இடமுள்ள பெட்ரோல் பங்கையோ டீக்கடையையோ முந்தின நாளே பார்த்துப் பேசி வையுங்கள். படத்தை அங்கே வைத்து, எஞ்சின்களை அணைத்து, ஒரு நிமிடம் மௌனம். நாள், நேரம், வழி, வண்டி எண்ணிக்கை எழுதி அந்தந்தக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

முந்தின நாள் வண்டியில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. செயின் தளர்வு வண்டிக் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கட்டும். டயர் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டி மேல்மட்டத்தைத் தொட்டுவிட்டால் அந்த வண்டி வர வேண்டாம். காற்று, வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர்படி. இரண்டு பேர் போனால் பின்டயருக்குத் தனி அளவு போட்டிருக்கும். ஹெல்மெட் ஐ.எஸ். 4151 முத்திரையோடு, பின்னால் உட்காருபவருக்கும். வார் பூட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்னால் பறந்துவிடும். லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவி கொடுக்காதீர்கள். வண்டி உரிமையாளரே ஆனாலும், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஏதாவது நடந்தால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் கைக்கு வராது.

ஒரு வண்டி பஞ்சரானால் கடைசி ஆள் மட்டும் கூட நிற்க வேண்டும். மற்றவர்கள் பேசி வைத்த அடுத்த இடத்தில் காத்திருக்கட்டும். யாராவது விழுந்தால் முதல் ஆள் ஐம்பது மீட்டர் பின்னால் போய், சாலை ஓரமாகவே நின்று, வருகிற வண்டிகளைக் கைகாட்டி ஒதுக்க வேண்டும். இரண்டாவது ஆள் 108ஐ அழைத்து, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்ல வேண்டும். தொப்பூர் பக்கம் என்று சொன்னால் ஆம்புலன்ஸ் தேடிக்கொண்டே இருக்கும். மூச்சு ஒழுங்காக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கழுத்தைத் திருப்பாமல் வையுங்கள்.

முடிந்ததும் அவரவர் பாட்டுக்குக் கலைவதுதான் வழக்கம். சரக்கு வெளியே வருவதும் அப்போதுதான். ரிப்பன்களை அங்கேயே அவிழ்த்துவிட்டு, இறந்தவரின் வீட்டுக்காரர்களை யார் கொண்டுபோய் விடுவது என்று காலையிலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.