ஊருணியைப் பார்க்காமல் எழுதிய விண்ணப்பம்

காரைக்குடி வட்டாரத்தில் ஊருணிகளையும் கண்மாய்களையும் சீரமைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் தகவல் தொடர்புப் பிரிவைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் விண்ணப்பங்களை முதலில் படிப்பதும் நான்தான். இதழியலோ காட்சித் தொடர்பியலோ தமிழோ படித்துவிட்டு, சென்னைக்குப் போகாமல் சொந்த மண்ணிலேயே வேலை பார்க்க விரும்பும் பிள்ளைகள் நம் பகுதியில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பலர் திறமை இருந்தும் முதல் சுற்றிலேயே நின்றுவிடுவதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. எனவே, மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் எதைத் தேடுகிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெரும்பாலான கடிதங்கள், சிறு வயது முதலே இயற்கையின் மீது தமக்குள்ள பற்றைச் சொல்லித் தொடங்குகின்றன. அந்தப் பற்று உண்மையாகவே இருக்கும், நான் ஐயப்படவில்லை. ஆனால் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும், எழுதியவர் எந்த நீர்நிலையின் கரையில் நின்றார், அங்கே எதைக் கண்டார் என்பது தெரிவதில்லை. ஊருணி குடிநீருக்கானது, கண்மாய் பாசனத்துக்கானது, அதற்கு வயலுக்கு நீர் திறந்துவிடும் மடையும் மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கும் உண்டு. செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கே தெரிந்த இந்த வேறுபாட்டை மறந்து, இரண்டையும் ‘நீர்நிலைகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும் கடிதம், எந்த ஊர் நிறுவனத்துக்கும் அனுப்பக்கூடிய கடிதமாகிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண்ணின் எழுத்து மாதிரி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒரே பக்கம்தான். நல்ல மழை பெய்தும் தம் ஊர் ஊருணி ஏன் நிறையவில்லை என்பதை அவர் எழுதியிருந்தார். மழைநீர் தெருவழியாக ஓடிவந்து, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில் இறங்கும் இடத்தில், புதிதாகப் போட்ட சிமெண்ட் சாலை பழைய மட்டத்தைவிட ஒன்றரைச் சாண் உயர்ந்திருந்தது. அவர் குனிந்து கைவைத்து அளந்திருக்கிறார். நீர் அந்த விளிம்பில் முட்டி, எதிர்ப்புறச் சாக்கடைக்குள் திரும்பிவிடுகிறது. படித்துறையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் சாலை போடும்போது யாரும் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, “சொன்னோம்மா, மேஸ்திரி பிளான்ல ஊருணியே இல்லன்னுட்டாரு” என்று அவர் சொன்னதையும் அப்படியே பதிந்திருந்தார். ‘பருவநிலை மாற்றம்’, ‘நிலைத்த வளர்ச்சி’ போன்ற பெருஞ்சொற்கள் எவையும் அதில் இல்லை. அவருடைய பட்டமும் மதிப்பெண்ணும் என்னவென்று நான் அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

எண்களைக் கையாளத் தெரிகிறதா என்பதையும் கவனிக்கிறோம். ‘கோடிக்கணக்கான லிட்டர் நீரைச் சேமித்தோம்’ என்று எழுதுவது எளிது. அந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் விளக்க வேண்டியவரும் தகவல் தொடர்பு அலுவலர்தான். ஒரு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நீர் நின்றால் அது சுமார் 12.3 லட்சம் லிட்டர். ஆகவே இரண்டு ஏக்கர் ஊருணியில் சராசரியாக ஆறடி நீர் நின்றால் ஏறத்தாழ 1.48 கோடி லிட்டர். அதுபோல ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். நம் பழைய வீடுகளில் ஓட்டுக்கூரையின் நீரை வளவு எனப்படும் நடுமுற்றத்துக்குள் இறக்கி அண்டாக்களில் பிடிக்கும் வழக்கத்தை எழுத விரும்புபவர், 200 சதுர மீட்டர் கூரைக்கு 10 மில்லிமீட்டர் மழை 2,000 லிட்டரைக் கொண்டுவரும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், ஓட்டில் வழிந்து சிந்துவது போக எவ்வளவு மிஞ்சும் என்று வாசகரே யோசிக்கத் தொடங்குவார்.

படங்களில் நேரும் பிழைகள் என்னை அதிகம் வருத்துகின்றன. திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களைப் பற்றி ஆண்டுதோறும் செய்திகள் வருவதால், விண்ணப்பதாரர்களும் அதையே எழுதி அனுப்புகிறார்கள். ஒருவர் அனுப்பிய மாதிரியில் ‘நத்தைகுத்தி நாரை’ என்ற குறிப்புடன் மஞ்சள் அலகு கொண்ட வேறொரு நாரையின் படம் இருந்தது. நத்தைகுத்தியின் இரு அலகுகளுக்கும் நடுவே தெரியும் இடைவெளியே அதன் அடையாளம். குஞ்சுப் பருவத்தில் அந்த இடைவெளி இருக்காது என்பதால், படத்தை ஒருமுறை பறவை நோக்குபவரிடம் காட்டிக் கேட்பதே முறை. இணையத்தில் கிடைத்த படத்தைச் சரிபார்க்காமல் ஒட்டுபவரிடம் நாளை நிறுவனத்தின் பெயரை எப்படி ஒப்படைப்பது? அதே பொருளை எடுத்துக்கொண்ட இன்னொருவர், தீபாவளியை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் அந்த ஊரார் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதியிருந்தார். நூறு பேர் எழுதிய செய்தியில் நூற்றியோராவது ஆள் கேட்க வேண்டிய கேள்வி அது.

மனிதர்களைப் படமெடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். தூர் வாரும் வேலையில் சேறு படிந்த கைகளோடு நிற்கும் ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே ‘வறுமையில் வாடும்’ என்று எழுதுவதற்கு முன், அந்த வரியை அவரிடமே வாசித்துக் காட்ட முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். அனுமதி வாங்கிய விதத்தை மாதிரியோடு இரண்டு வரியில் குறிப்பிடுபவர்களை நாங்கள் கட்டாயம் நேர்காணலுக்கு அழைக்கிறோம்.

நேர்காணலன்று ஒரு சிறு தேர்வும் உண்டு. நீர் ஆய்வறிக்கையின் ஒரு பத்தியைக் கொடுத்து, ஊராட்சி அறிவிப்புப் பலகைக்கு ஏற்றபடி தமிழில் எழுதச் சொல்கிறோம். நீரில் சத்து மிகுந்து பாசி பெருகுவதைக் குறிக்கும் ‘eutrophication’ என்ற சொல் அதில் வந்தால், பலரும் அகராதியைப் புரட்டி ‘ஊட்டச்சத்து மிகைப்பு’ என்று எழுதுகிறார்கள். அறிவியல் கட்டுரைக்கு அது பொருந்தும். பலகையைப் படிக்கும் ஆச்சிக்கோ, “சாக்கடைத் தண்ணீர் கலந்ததால் ஊருணியில் பாசி படர்ந்து, நீர் பச்சை பிடித்துவிட்டது, இதைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்” என்றுதான் சொல்ல வேண்டும். நன்கொடையாளர்களுக்கான அறிக்கைகள் ஆங்கிலத்தில் போவதால் ஆங்கில மாதிரி ஒன்றும் தேவை; ஆனால் தமிழ் மாதிரி அதன் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டாம்.

இனி, விண்ணப்பிப்பவர் நிறுவனத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியவையும் உள்ளன. அது அறக்கட்டளையா, சங்கமா, நிறுவனச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்கீழ் வருவதா என்று கேளுங்கள். ஆண்டறிக்கையை வாங்கிப் படியுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தம், அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்துவிட்டது. நிர்வாகக் கணக்கில் சம்பளம் கொடுக்க இடம் சுருங்கியதால், பல இடங்களில் எங்கள் துறைப் பணியிடங்கள் ஏதாவதொரு திட்டத்தோடு இணைக்கப்படுகின்றன. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். எத்தனை மாதத்துக்கான ஒப்பந்தம், வருங்கால வைப்பு நிதி உண்டா, களப்பயணச் செலவு யாருடையது என்று கேட்பதில் தவறே இல்லை.

இளம் வயதில் நான் விண்ணப்பித்த ஓர் அமைப்பு, தேர்வு என்ற பெயரில் ஒரு முழுப் பிரசுரத்தையே என்னிடம் எழுதி வாங்கியது. வேலை கிடைக்கவில்லை, பிரசுரம் மட்டும் என் பெயரில்லாமல் அச்சாகி வெளிவந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைப்பைக் கோரும் தேர்வென்றால், அதற்கு ஊதியம் உண்டா, எழுதியதைப் பயன்படுத்துவீர்களா என்று மின்னஞ்சலிலேயே கேட்டு, பதிலைப் பாதுகாத்து வையுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கேமராவுக்கு முன்பணம் என்று யாராவது கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

அந்தத் தேவகோட்டைப் பெண் நேர்காணல் முடிந்து எழுந்திருக்கும்போது, சம்பளத்தைப் பற்றி மிகத் தெளிவாக மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் பதில் சொன்னோம். பிறகு அவர், தம் ஊர் வரத்துக்காலைச் சீர்செய்ய யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, நாங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு போனார்.