சத்தம் அடங்கிய பிளாக்

சிறைக் காவலராக இருக்கிறேன் என்று சொன்னதும் பலரும் கேட்பது, "துப்பாக்கி தருவார்களா?" என்றுதான். தருவதில்லை. கைதிகளோடு நேரடியாகப் பழகும் காவலர்கள், விசேஷமான சூழ்நிலைகள் தவிர, ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றே கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-ல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் சொல்கின்றன. பிளாக்கில் நாங்கள் இரண்டு மூன்று பேர், அவர்கள் நூற்றுக்கும் மேல். அங்கே ஒரு துப்பாக்கி இருந்தால் அது யார் கைக்குப் போகும்?

எங்களிடம் இருப்பது சொன்ன சொல் மட்டும்தான். வீட்டுக்குப் போன் பேச ஒருவர் மனு கொடுக்கிறார். "சாயங்காலத்துக்குள் கேட்டுச் சொல்றேன்" என்ற காவலர், வேலை மும்முரத்தில் மறந்துவிடுகிறார். உள்ளே இருப்பவருக்கோ அன்றைய நாள் முழுக்க அந்த ஒரு பதில்தான். மறுநாள் தண்ணீர் வரிசையில் அடிதடி. "தண்ணீர் பிடிப்பதில் தகராறு" என்று அறிக்கை எழுதுகிறோம். முடியாது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். திட்டுவார், ஆனால் அடுத்த முறை நீங்கள் சொல்வதை நம்புவார்.

புதிதாகச் சேர்பவர்களுக்குக் கூச்சலைக் கண்டால் பயம். கெட்ட வார்த்தை, கதவைத் தட்டுவது எல்லாம் தினமும் இருப்பவை, பழகிவிடும். எனக்குப் பயம் வருவது சத்தம் அடங்கும்போதுதான். வழக்கமாகக் கேட் பக்கம் வந்து பேசுகிறவர் தலையைத் திருப்பிக்கொள்வார். சாப்பாட்டை எடுத்துப் பதுக்குவார்கள். பலவீனமானவர்கள் சீக்கிரமே செல்லுக்குள் போய்விடுவார்கள். கேமராவில் இது அமைதியான நாளாகத்தான் தெரியும். தினமும் அவர்களோடு பேசிப் பழகியவருக்குத்தான் வித்தியாசம் புரியும்.

ஒரு தனி ஆள் அமைதியாகிவிட்டாலும் அப்படித்தான். சிறைக்கு வந்த முதல் சில நாட்கள் மிக ஆபத்தானவை, தற்கொலை அபாயம் அப்போது அதிகம். ஜாமீன் மறுக்கப்பட்ட நாளையும் கவனிக்க வேண்டும். அப்படி ஒரு நாளில், ஒரு இளைஞர் தன் போர்வையையும் சோப்பையும் பக்கத்துச் செல்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா தம்பி?" என்று நேராகவே கேட்டேன். அழுதார். அன்றிரவே மருத்துவப் பிரிவுக்கு மாற்றினோம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நினைக்காதீர்கள், அது தவறு. இப்படிப்பட்டவரைத் தனிச் செல்லில் போட்டுப் பூட்டுவது நிலைமையை மோசமாக்கும். அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ, தொடர்ந்து 15 நாட்களைத் தாண்டி யாரையும் அடைத்து வைப்பதை அதே மண்டேலா விதிகள் தடை செய்கின்றன.

எல்லோரையும் காப்பாற்ற முடிந்ததில்லை. ஒரு மரணத்துக்குப் பிறகு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை அதே சாவிக்கொத்தோடு அதே பிளாக்குக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். பிள்ளைகள் தூங்கியதும் தலைகளை எண்ணுவேன், லாக்கப் கணக்கு எடுப்பதுபோல. மனைவி வற்புறுத்தியதால்தான் மனநல ஆலோசகரிடம் போனேன். இரண்டு வருடம் தாமதமாக.

இப்போது ஷிஃப்டில் ஏதாவது நடந்தால், சம்பந்தப்பட்ட காவலரை உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. சாவியை ஒப்படைத்ததும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருகிறேன். பேசினால் கேட்கிறேன். பேசாவிட்டால் மறுநாளும் போய் உட்காருகிறேன்.