மூன்று ராஜா வந்ததால் ஏமாற்றப்படவில்லை என்று நினைப்பவர்களுக்கு

ஆளுக்கு மூன்று சீட்டுப் போட்டு, உயர்ந்த சீட்டு வைத்திருப்பவர் பந்தயத் தொகையை வெல்லும் மூணு சீட்டு என்னும் சூதாட்டத்தில் பணத்தை இழந்து, தோற்ற தொகைக்குப் புரோநோட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைக் கடலூரில் வழக்குரைஞராக இருக்கும் நான் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் இப்படிச் சிலராவது வந்துவிடுகிறார்கள். அண்மையில் வந்த விசைப்படகு உரிமையாளர், புதுச்சேரி விடுதி அறையொன்றில் விடியும்வரை ஆடிப் படகையே அடகு வைக்கும் நிலைக்கு வந்த பிறகும், "ஏமாத்துனாங்கன்னு சொல்ல முடியாதுங்க சார், எனக்கும் மூணு ராஜா வந்துச்சு, அவருக்கு மூணு ஏஸ் வந்துடுச்சு, என் கெட்ட நேரம்" என்றுதான் சொன்னார்.

நல்ல சீட்டு கிடைத்ததால் மோசடி நடக்கவில்லை என்னும் இந்த நம்பிக்கைதான் என்னை மிகவும் வருத்துகிறது. மட்டமான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பெருந்தொகை கட்டுவதில்லை. ஆகவே ஏமாற்றுகிறவர் முதலில் செய்வதே உங்களுக்கு உயர்ந்த சீட்டைப் போடுவதுதான். 52 சீட்டுகளில் மூன்றை எடுக்க 22,100 வழிகள் உண்டு. மூன்று ராஜா, மூன்று ஏஸ் என்பதுபோல் மூன்றும் ஒரே மதிப்புடையவையாக அமைவன அவற்றுள் 52 மட்டுமே, அதாவது 425 ஆட்டத்துக்கு ஒன்று. நேர்மையாகக் கலைத்த கட்டில், குறிப்பிட்ட இரண்டு பேருக்கு ஒரே ஆட்டத்தில் அப்படி அமைவது ஏறத்தாழ 1,63,000 ஆட்டங்களில் ஒரு முறைதான். பந்தயம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து அது வந்தால், நேரத்தை நோகாமல் சீட்டுப் போட்டவரைச் சந்தேகியுங்கள்.

கலைப்பதுபோல் தோன்றும்போதே அடியில் வைத்த சீட்டுகள் இடம் மாறாமல் இருக்கும். மேல்சீட்டை எடுப்பதுபோல் அடிச்சீட்டோ இரண்டாம் சீட்டோ உங்களிடம் வரும். லேசாக வளைத்து வைத்த இடத்தில் கூட்டாளி சரியாக வெட்டிக் கொடுப்பார். கூர்ந்து பார்த்தால் பிடித்துவிடலாம் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். புதுக்கட்டு என்று உறையைப் பிரித்துக் காட்டினாலும், அடுக்கி வைத்து மீண்டும் ஒட்டிய கட்டுகள் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் கூடும் அறையில் உட்காரவே வேண்டாம்.

பந்தய ஒப்பந்தம் செல்லாது என்றும், பந்தயத்தில் வென்ற பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்றும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 30 சொல்கிறது. ஆனால் கைமாற்றாகப் பணம் பெற்றதாகப் புரோநோட்டில் கையெழுத்திட்டுவிட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி அதற்கு மறுபயன் இருந்ததாகவே, அதாவது உண்மையிலேயே பணம் பெற்றுக்கொண்டுதான் எழுதிக் கொடுத்தீர்கள் என்றே, நீதிமன்றம் அனுமானிக்கும். அது சீட்டாட்டக் கடன் என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ஆகவே எவ்வளவு மிரட்டினாலும் வெற்றுத்தாளிலோ காசோலையிலோ கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்கள் வக்கீல் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், அறையில் உடனிருந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, கைப்பேசியில் உள்ள செய்திகளையும் பணம் அனுப்பிய விவரங்களையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு, உடனே ஒரு வழக்குரைஞரைப் பாருங்கள்.