ஆடிக்காற்றும் அடிவயிற்றுக் கொழுப்பும்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு மூட்டுவலிக்கு ஆறு மாசமா ஸ்டீராய்டு மாத்திரை. முகம் உப்பிப்போச்சு, வயிறு பெருத்துடுச்சு, கை காலு மட்டும் குச்சியா இருக்கு. இது வெறும் நீர்தானே?"

நீரும் கொஞ்சம் உண்டு. வயிற்றில் சேர்ந்தது கொழுப்பு. அட்ரீனல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் வேலையைத்தான் அந்த மாத்திரையும் செய்கிறது. அளவு மீறினால் கை கால் தசை கரையும், தொப்பை வளரும்.

கொழுப்புத் திசுவில் இன்னும் கொழுப்பு ஏறாத இளஞ்செல்களும் உண்டு. கார்டிசால் உள்ளே போய்ச் சில மரபணுக்களை முடுக்கிவிட்டால் அவை முதிரத் தொடங்கும். எம்.எஸ்சி. படித்தபோது எலிச் செல்களில் இதைப் பார்த்தேன். இன்சுலினோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்து ஊற்றினோம். தட்டில் ஒல்லியாக நீண்டு கிடந்த செல்கள் சில நாளில் உருண்டன. உள்ளே ரசத்தில் மிதக்கும் நெய் போலத் துளித்துளியாக எண்ணெய் மினுங்கியது. சாயம் ஏற்றியதும் தட்டே சிவந்தது. இன்றும் கண்ணில் நிற்கிறது.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட இடம். கார்டிசோன் என்ற செயலற்ற வடிவமும் ரத்தத்தில் ஓடுகிறது. கொழுப்புச் செல்லுக்குள் இருக்கும் 11-பீட்டா-ஹெச்எஸ்டி-1 என்ற நொதி அதைப் பிடித்துக் கார்டிசாலாக மாற்றிவிடும். இதே நொதியால் கார்டிசாலைக் கார்டிசோனாக முடக்கவும் முடியும்! ஆடி மாசத்தில் நம் வீட்டுக் கொல்லைக் கதவு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போகுமே, அப்படி. இங்கே காற்று என்பது என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு நொதி குளுக்கோஸ் பாஸ்பேட்டிலிருந்து அதைத் தயாரித்துத் தருகிறது. அது நிறைய இருந்தால் கதவு கார்டிசால் பக்கம் திறக்கும். குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பிலிருந்து எடுத்த இளஞ்செல்களில் 11-பீட்டா-ஹெச்எஸ்டி-1 பெரும்பாலும் கார்டிசாலை முடக்குகிறது. செல் முதிர முதிரக் கதவு மறுபக்கம் திரும்பிவிடுகிறது. பிறகு கொழுப்பே தனக்கு வேண்டிய கார்டிசாலை ஆக்கிக்கொள்கிறது. 2001-இல் கொழுப்புத் திசுவில் மட்டும் இந்த நொதியைக் கூட்டிய எலிகளுக்கு, உடலெங்கும் ஓடும் ரத்தத்தில் ஹார்மோன் ஏறாமலேயே தொப்பை விழுந்தது.

ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று வருடக்கணக்கில் பார்ப்பவர்களுக்குப் பணம் கொடுக்க நாம் தயங்குகிறோம். "இதனால் என்ன மருந்து வரும்?" என்று முதல் நாளே கேட்டால் இப்படிப்பட்ட கேள்வியை யாரும் தொடவே மாட்டார்கள்.

இந்த நொதியை அதிமதுரம் தடுக்கும் என்று படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். சிறுநீரகத்தில் இதற்கு ஒரு தம்பி நொதி உண்டு. அதையும் அதிமதுரம் அமுக்கும். அளவுக்கு மீறினால் பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் எகிறும்.

அம்மாவின் மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதமாக ஓய்ந்து கிடக்கும் அட்ரீனல் உடனே எழுந்து வேலை செய்யாது. மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.